மணல் மூட்டைக்கு அந்தப் பக்கம்

கப்பி கிறீச்சிடவில்லை. அதுதான் முதலில் அவளை உறுத்தியது.

மூடிப்போன நூல் கிடங்கில் ஞாயிறு மாலைதோறும் அவளுக்குத் துப்பாக்கிப் பயிற்சி. வாத்தியார் அவள் புருஷன்தான். செத்தவர்கள் ஒருநாள் எழுந்து தெருவில் நடக்கப்போகிறார்கள் என்று நம்புகிற மனுஷன். பால் வாங்க மறப்பான், இதை மட்டும் மறக்கமாட்டான். தன் பழைய சட்டைகளுக்குள் பஞ்சை அடைத்து, தலையணை உறையில் கரியால் முகம் எழுதி, கூரைக் கம்பியில் தொங்கவிட்டிருந்தான். இடது சுவரோரம், ஆளுயரத்துக்கு அடுக்கிய மணல் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து அவன் கயிற்றை இழுத்தால், இருட்டுக்குள்ளிருந்து பொம்மை தத்தித் தத்தி வரும். கப்பி ஊரையே கூட்டும். அவள் குறிபார்த்துத் தலையில் சுட வேண்டும்.

"ஏங்க, வேற யார் சட்டையாவது போடக் கூடாதா?"

"நாளைக்கு நானே அப்படி வந்தா உன் கை நடுங்கக் கூடாதுல்ல? அதுங்க என் குரல்லயே பேசும், கெஞ்சும். காதுலயே வாங்காத. விசில் ஊதினாதான் நிறுத்தணும்."

போன வாரம் அந்த விசிலைக் காரிலேயே விட்டுவிட்டு வந்தவன், சிக்கிய கயிற்றை எடுக்க மூட்டைகளைத் தாண்டி வெளியே வந்தான். "நிறுத்து, நான்தான்!" என்று கத்தினான். சொல்லிக்கொடுத்தபடியே அவள் சுட்டாள். தோட்டா அவன் காதை உரசிக்கொண்டு போனது. ஆள் வெலவெலத்துப்போவான் என்று பார்த்தால், "சபாஷ்!" என்று கைதட்டுகிறான். அன்றிலிருந்து அவளுக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. ராத்திரி அவன் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினாள். இன்னொரு தடவை கை தவறினால் அவள் உயிரோடு இருக்கமாட்டாள்.

இன்றைக்கு வெளியே இன்னும் வெளிச்சம் போகவில்லை. உள்ளே மட்டும் நனைந்த பஞ்சின் வாடையும் துப்பாக்கி எண்ணெயின் வாடையும் கலந்து இருட்டு கெட்டியாகியிருக்க, காதுகளை மூடிய உறைக்குள் தன் மூச்சே பக்கத்தில் நிற்கும் யாரோ விடும் மூச்சுபோலக் கேட்க, கிடங்கின் மறுகோடியில் ஏதோ ஒன்று அசைந்து நடந்து வருவதை அவள் பார்த்தாள். கப்பிக்கு எண்ணெய் விட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். காதுறையை ஒரு பக்கம் தூக்கினாள். சத்தமே இல்லை. கம்பியும் ஆடவில்லை.

நீலச் சட்டை. காலையில் அவளே இஸ்திரி போட்டுக் கொடுத்தது.

விரல் விசையில் இருந்தது.

"சுடாதம்மா. நான்தான்."

தணிந்திருந்தாலும் அவன் குரலேதான். விசில் வரவில்லை. மறுபடியும் மறந்து தொலைத்திருக்கிறான், பாவி. அவளுக்கு அழுகை முட்டியது. சொல்லிக்கொடுத்த பாடமெல்லாம் எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று துப்பாக்கியைத் தாழ்த்தினாள்.

"குடு இப்படி."

கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் அந்த விரல்கள் பட்டன. ஈரம். ஒரே சில்லிப்பு. அவள் மணிக்கட்டைப் பிடித்தன. முகம் இன்னும் நிழலில்தான் இருந்தது. அவள் தன்னையறியாமல் அதன் மூக்கருகே விரலைக் கொண்டுபோனாள்.

மூச்சு இல்லை.

இடப்பக்கம், மணல் மூட்டைகளுக்குப் பின்னால், யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"என்னம்மா, தூங்கிட்டியா?" அவள் புருஷனின் குரல். "கயிறு சிக்கிக்கிச்சு, இப்பத்தான் எடுத்தேன். இனிமேதான் முதல் பொம்மையே வரும். ரெடியா?"

கத்த வாயைத் திறந்தாள். ஈரமான உள்ளங்கை அவள் வாயை அடைத்தது. இன்னொரு கையில் துப்பாக்கி நிதானமாக இடப்பக்கம் திரும்பியது.

"ஏங்க," என்றது அது. அவளுடைய குரலில். அவள் கொஞ்சும்போது பேசுகிற அதே இழுப்போடு. "கொஞ்சம் எழுந்திருங்களேன்."

"இதோ வரேன்."

மூட்டைகளுக்கு மேலே அவன் தலை எழுந்தது.