மூன்றாவது சலாம்

துறைமுகத்துக்குப் போகும் வீதியின் கடைசி வீடு அது. அஸ்பியாவுக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. கரையில் இழுத்துப் போட்ட தோணிகள், பின்னேரம் இஞ்சித் தேத்தண்ணி, சுட்ட மீன். மூன்று நாள் லீவுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

தங்கை றஸ்னாவுக்கு வருகிற மாதம் கலியாணம். மாப்பிள்ளை இவர்களுடைய வீட்டுக்கு வந்துவிடுவான். பிறகு அக்காவும் தங்கையும் ஒரே பாயில் படுத்துக் கதைப்பது ஏது? அதனால்தான் போகம் வெட்டி முடிந்த கையோடு, இறக்காமத்திலிருந்து உம்மாவையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

றஸ்னா செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஈரமணலில் ஓடினாள்.

"பாருங்க ராத்தா, என்ட காலடி கோழி நடந்த மாதிரி இரிக்கி!"

"ஓம், கோழிக்குத்தான் மாப்பிள்ள பாத்திரிக்கி."

இடது காலில் றஸ்னாவுக்கு நாலு விரல்தான். ஆறு வயதில், அஸ்பியா ஓட்டிய சைக்கிளின் பின்சில்லு அவளுடைய சுண்டுவிரலைக் கொண்டுபோயிருந்தது. அந்தக் காலைப் பார்க்கும்போதெல்லாம் அஸ்பியாவுக்கு நெஞ்சில் ஒன்று குத்தும். சிரித்து மறைத்துக்கொள்வாள்.

பக்கத்து வீட்டு பாஹிமா மாமி வேலிக்கு மேலால் குடிதண்ணீர் தந்தாள். தந்துவிட்டும் போகாமல் நின்றாள்.

"மகள், பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு வாசல்ல சலாம் கேட்டா பதில் சொல்லாதீங்க. மூணு தரம் சொல்லும். பேசாம இருந்தாப் போயிரும்."

மூன்று தரம் சலாம் சொல்வதும், பதில் வராவிட்டால் திரும்பிப் போவதும் யாரும் கடைப்பிடிக்கும் மரியாதைதான். ஆனால் காதில் விழுந்த சலாத்துக்கு வாயை மூடிக்கொண்டிருப்பதா?

"ஆரு மாமி அது?"

"நீங்க இரிக்கிற வீட்டுப் புள்ளதான். அவட சீதன வீடு. சுனாமியில கடல் வந்த அண்டு வெளிய நிண்டா. உள்ளுக்கிருந்த சொந்தக்காரங்க, தண்ணி வந்திரும் எண்டு கதவத் திறக்கல்ல. மூணு தரம் கூப்பிட்டாவாம்."

"பூட்டினவனுகள் எங்க இப்ப?"

"அவட மாமாதான் ஒங்களுக்கு வீட்ட வாடகைக்குத் தந்தவர்."

அஸ்பியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவளின் வீட்டை வாடகைக்கு விட்டுத் தின்கிறான், பழி மட்டும் செத்தவள் மேல். அஸ்பியா தன் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம்.

"பேய்க்கில்ல மாமி, இப்பிடிப்பட்ட மனிசனுகளுக்குத்தான் பயப்படணும். நான் உள்ள இருந்திருந்தாத் திறந்திருப்பன்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்ற, மகள்," என்றாள் பாஹிமா மாமி.

மறுநாள் லுஹர் தொழுதுவிட்டு உம்மா பின்னறையில் உறங்கிப்போனாள். கரண்ட் நின்றது. மின்விசிறி தேய்ந்து தேய்ந்து ஓய்ந்தபோது, இத்தனை நேரமும் கேட்டுக்கொண்டிருந்த கடலும் அதனோடு ஓய்ந்ததுபோல் இருந்தது. வெளியே வெயில் வெள்ளையாய் நின்றது. ஒரு காகம்கூட இல்லை. எங்கிருந்தோ அழுகிய பாசி நாற்றம் வந்தது. சேற்றில் வெகுநாள் கிடந்த துணியின் நாற்றம்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

பெண் குரல். இளசு. நல்ல மரியாதையான குரல்.

றஸ்னா அக்காவின் கையைப் பிடித்தாள். "ராத்தா, சும்மா இருங்க. மாமி சொன்னா தானே."

"அஸ்ஸலாமு அலைக்கும்."

கதவுக்கு மிகக் கிட்ட. நாற்றம் கூடியது.

மூன்றாவது சலாம் நடுங்கியது. கழுத்துவரை தண்ணீரில் நின்று சொல்வதுபோல் இருந்தது.

அஸ்பியாவுக்கு அந்த நேரத்தில் பயத்தைவிடக் கோபம்தான் பெரிதாக இருந்தது. அவர்கள் திறக்கவில்லை. நான் திறப்பேன்.

"வஅலைக்குமுஸ்ஸலாம்," என்றாள் உரக்க. "உள்ள வாங்க."

பிறகு தங்கையின் முதுகில் ஒரு தட்டு. "போய்த் திற, பயந்தாங்கொள்ளி."

றஸ்னா போனாள். தாழ்ப்பாள் இழுபட்டது. கதவு கிரீச்சிட்டது.

அவ்வளவுதான்.

"றஸ்னா?"

அஸ்பியா எழும்பப் போன நேரம் அவள் திரும்பி வந்தாள்.

"ஒருத்தரும் இல்ல," என்றாள்.

பாவாடை ஓரம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"எங்கயடி நனைஞ்ச? வாசல் முத்தமெல்லாம் காய்ஞ்சி கிடக்கே."

றஸ்னா சுவரைத் தடவிக்கொண்டு நின்றாள். "இந்த இடத்தில ஒரு யன்னல் இருந்த," என்றாள்.

பகிடி விடுகிறாள் என்று அஸ்பியா நினைத்தாள். நினைக்கத்தான் வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து றஸ்னா காலுறை போட்டாள். கலியாணப் பொண்ணுக்கு வெயில் படக் கூடாதாம். இறக்காமத்துக்குத் திரும்பிய பிறகும் கழற்றவில்லை. தலைமுடி எவ்வளவு துவட்டியும் காயவில்லை.

வீடு வந்த நாலாம் நாள், உச்சி வெயில். உம்மா கிணற்றடியில். முன்னறையில் றஸ்னா அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். கதவு தாழிட்டிருந்தது.

வெளியே குரல் கேட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும். ராத்தா..."

றஸ்னாவின் குரல்.

அஸ்பியா பக்கத்தில் பார்த்தாள். சீப்பு நிற்கவில்லை.

"பதில் சொல்லாதீங்க," என்றாள் பக்கத்தில் இருந்தவள் மெதுவாக. "மூணு தரம்தான். பேசாம இருந்தாப் போயிரும்."

"அஸ்ஸலாமு அலைக்கும். ராத்தா, கால் சுடுது. திறங்க."

அஸ்பியா பாதி எழுந்து கதவைப் பார்த்தாள். வெளியே நிற்பதுதான் பேயென்றால்? திறந்த பிறகு அது உள்ளே வந்துவிட்டால்? ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். ஒரு நிமிடம்தான்.

அந்தச் சொந்தக்காரர்களும் பூட்டிய கதவுக்குப் பின்னால் நின்று இப்படித்தான் யோசித்திருப்பார்கள்.

"அஸ்ஸலாமு அலைக்கும்..."

குரல் அழுகையில் உடைந்தது.

வாயிலிருந்து பதில் வந்துவிடாமல் அழுத்திப் பிடித்திருந்தவை தன்னுடைய கைகள்தான் என்பது அஸ்பியாவுக்குப் பிறகுதான் தெரிந்தது.

வெளியே சத்தம் அடங்கியது.

பாய்ந்து போய்க் கதவைத் திறந்தாள். முற்றத்துப் புழுதியில் ஈரக் காலடிகள். கேற்றிலிருந்து வாசல்வரை வந்து, நின்று, திரும்பிப் போயிருந்தன. இடது காலில் நாலு விரல்.

"வஅலைக்குமுஸ்ஸலாம்!" தெருவில் நின்று கத்தினாள். "வஅலைக்குமுஸ்ஸலாம்! உள்ள வா புள்ள! வாடி!"

தெரு நீளத்துக்கும் வெயில்தான் கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே காலடிகள் ஒவ்வொன்றாய்க் காய்ந்தன.

"ஆருக்கு ராத்தா பதில் சொல்றீங்க?"

வாசற்படியில் றஸ்னா நின்றாள். காலுறையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"உள்ள வாங்க. கதவப் பூட்டணும்."

படியில் ஈரம் பரவியது. இடது காலின் ஐந்து விரல்களும் அதில் மெல்ல அசைந்தன.