நான்காவது கால்

"உலகம், அந்த மெழுகுதிரித் துண்ட இங்க எடு…"

அய்யம்பெருமாள் மனைவியிடம் கடைசியாகச் சாதாரணமாகக் கேட்டது அதுதான்.

பூதப்பாண்டியில் அவர்கள் வீட்டு முற்றத்தில் ஒரு பழைய பலாமரக் கட்டில் கிடந்தது. பிறர் கழித்த மரச்சாமான்களை வாங்கி, சுரண்டி, வர்ணமடித்து விற்பது அவன் பிழைப்பு. முதலில் சிவப்பு. காய்ந்ததும் விளிம்புகளில் மெழுகு தேய்ப்பான். அதன்மேல் பச்சை. பிறகு உப்புத்தாளால் தேய்த்தால், மெழுகு பட்ட இடமெல்லாம் பச்சை உதிர்ந்து சிவப்பு எட்டிப்பார்க்கும். மூன்று கால்கள் முடிந்திருந்தன.

தாய் சண்முகவடிவு வாசற்படியில் நின்று கத்தினாள். "ஏலே, எவன் செத்த கட்டிலுலே இது? செத்தவனக் கெடத்துனத வெளிய குடுத்தா குடுத்ததுதான். வீடேறப்படாது!"

உலகம்மாள் முந்திக்கொண்டாள். "எங்க அம்மை வீட்டுக் கட்டிலு, அத்தே…"

பொய். வந்தது குழித்துறைச் சந்தையிலிருந்து. தன் தாயிடம் மூச்சு விடக்கூடாதென்று அய்யம்பெருமாள் சத்தியம் வாங்கியிருந்தான். "பச்ச காயட்டும், நானே சொல்லுகேன்."

பச்சை காய்வதற்குள் அவனுக்குப் பேதி கண்டது. திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்து திருக்கொச்சி ஆன மறுவருஷம். ஊரெங்கும் அந்த நோய்தான். அந்தக் கட்டிலையே அறைக்குள் போட்டுக் கிடத்தினார்கள். மறுநாள் மதியம் எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கத்துக்கு வந்த வண்டிக்காரர் ராஜையன் வெள்ளந்தியாகச் சொன்னார்: "குழித்துறையிலருந்து நாந்தானே இத ஏத்திட்டு வந்தேன்…"

சண்முகவடிவு மருமகள் பக்கம் திரும்பினாள். "பொய்யா சொன்ன? எனக்க பிள்ளைய நீயாட்டி கொன்ன?"

"நாந்தான்… வாங்கச் சொன்னேன், அத்தே." செத்தவன் பேரில் பழி விழ அவளுக்கு மனம் வரவில்லை.

அதன்பின் மாமியார் அவள் கையால் தண்ணீர் வாங்கவில்லை. மதிய வேளையில், ஆளில்லாத அறையில் கட்டில் மெல்ல முனகும். "கேக்குதா? பெரண்டு படுக்கான்… ஒறக்கம் வரல்ல எனக்க பிள்ளைக்கு!" என்பாள்.

பதினாறாம் நாள் ராஜையன் வண்டியோடு வந்தார். "கட்டிலையும் ஏத்திட்டு, நீயும் ஒனக்க அம்மை வீட்டுக்குப் போ. ஒரே வண்டிதான்!" என்றாள் சண்முகவடிவு.

உலகம்மாள் துணிமூட்டையை எடுத்துக்கொண்டாள். கட்டிலை வெளியே இழுத்தபோது தலைமாட்டுச் சட்டம் வாசல் நிலையில் இடித்தது. மரத்தின் குழிகளை அடைத்திருந்த மக்கு பொலபொலவென்று உதிர்ந்தது. வரிசையாகக் குழிகள்.

சண்முகவடிவு ஒவ்வொரு குழியிலும் விரலை வைத்துப் பார்த்தாள். படுத்தபடியே இரும்புக் குழவியால் சட்டத்தில் பாக்கு இடிக்கும் மனிதர் அவள் புருஷன். ஆயுசெல்லாம் அதற்காக அவரை ஏசியவள் அவள். அவர் இறந்ததும், பார்க்கச் சகிக்காமல் கட்டிலை வெளியே கொடுத்தவளும் அவளே.

"இது… அவ்வோ கட்டிலுல்லா!"

"ஆமா அத்தே… சந்தையில ஒங்க மவன் இந்தக் குழியத் தடவிட்டு அங்கேயே இருந்து அழுதாவளாம். அப்பா கட்டில்ல படுக்கணும்னு ஆச. பாத்தா நீங்க ஒடஞ்சு போவியன்னுதான் மக்கு வச்சு அடச்சாவ…"

"இம்புட்டு ஏச்சும் கேட்டுட்டு ஏன்டி சொல்லாம இருந்த?"

"சத்தியம் வாங்கினாவளே…"

"எனக்க மக்கா!" கிழவி அவளை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். அழுகை அடங்க வெகுநேரம் ஆயிற்று. "வண்டியத் திருப்பும்வே, ராஜையா. கட்டிலும் வரல்ல, எனக்க மவளும் வரல்ல."

ஊர் ஏசியது. கட்டில் வீடேறியது. மதியங்களில் அது முனகிக்கொண்டுதான் இருந்தது.

மிச்சப் பச்சை டப்பாவிலேயே இறுகிப்போயிற்று. அந்த நான்காவது கால் இன்றும் சிவப்புதான்.