நாள்கல்லருகே ஒரு சோடிச் செருப்பு

குருநகரிலுள்ள கத்தரீனாவின் துப்பறியும் அலுவலகத்துக்குள் நுழையும்போதே நிவேதனா அழுகையை அடக்கிக்கொண்டிருந்தாள். தனியே விடமாட்டேன் என்று கூடவே வந்த கணவன் கஜீபன் வாசலில் நின்றான்.

"செருப்போடையே வாங்கோ தம்பி, உள்ளுக்கை ஒரே தூசி," என்றாள் கத்தரீனா. அவன் கழற்றிவிட்டுத்தான் வந்தான்.

கணவன், மனைவி இருவருக்கும் ஒரே நில அளவை நிறுவனத்தில் வேலை. புது டாப்லெட் மட்டும் நிவேதனாவின் கைக்குப் போயிற்று. அதை வீடு கட்டும் வளவுக்கு நேரே பிடித்தால், கட்டப்போகும் சுவர்கள் வெறும் மண்ணின்மேல் கோடுகளாய்த் தெரியும். அச்சுவேலியில் ஒரு வீட்டுக்கு அவள் அளந்து கொடுத்தாள். பூசை செய்து, அத்திவாரத்துக்கு முதற்கல்லான நாள்கல்லும் வைத்தாயிற்று. மறுநாள் பார்த்தால் கோடெல்லாம் இரண்டடி தள்ளிப் பக்கத்துக் காணிக்குள்! அந்தக் காணிக்காரர் பரமலிங்கம் சும்மா விடுவாரா? நிறுவனத்துக்கே போய்க் கத்திவிட்டார்.

"இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ளை என்னிலை பிழையில்லை எண்டு காட்டாட்டி வேலை போயிடும் அக்கா. எங்களோடை வேலை செய்யிற யதுசன்ரை வேலைதான் இது. டாப்லெட் எனக்குக் கிடைச்ச நாளிலையிருந்து அவனுக்கு வயித்தெரிச்சல். இவரும் அதைத்தான் சொல்லுறார்."

"நானும் அப்பவே நினைச்சனான்!" என்றான் உதவியாளன் ஜெரிசன். எதையும் கேட்டு முடிக்குமுன்பே நினைத்துவிடுகிறவன் அவன்.

கத்தரீனா டாப்லெட்டை வாங்கி ஒவ்வொரு அளவாய்த் திறந்து பார்த்தாள். "மூலைக்கு மூலை தூரம் சரியா இருக்கு. நீங்கள் பிழையா அளக்கேல்லை. ஆரோ இந்த டாப்லெட்டோடை வளவுக்கை போய், எல்லா அளவும் தொடங்கிற ஆதாரக் குறியை இரண்டடி அரக்கி வைச்சிருக்கினம். அதோடை எல்லாக் கோடும் சேர்ந்து தள்ளிப் போட்டுது."

குறியை மாற்றும்போது டாப்லெட் சுற்றுப்புறத்தையும் படமாய்ப் பதிந்துகொள்ளும். அந்தப் படத்தில் நாள்கல் இருந்தது, அதன்மேல் வாடத் தொடங்கிய பூ. ஓரத்தில் ஒரு சோடிச் செருப்பு.

"யதுசன்ரை!" என்று துள்ளினான் ஜெரிசன்.

"நாள்கல் வைக்கேக்கை யதுசன் காலிலை கிடந்ததைக் கழட்டினவனோ?"

நிவேதனா யோசித்தாள். "இல்லையக்கா. சப்பாத்தோடை வந்து நிண்டான். பரமலிங்கம் ஐயா ஏசியும் கழட்டேல்லை."

"அத்தனை பேருக்கு முன்னாலை ஏசியும் கழட்டாதவன் தனியப் போய்க் கழட்டுவானோ? பரமலிங்கம் கழட்டுவார், ஆனா டாப்லெட்டின்ரை கடவுச்சொல் அவருக்குத் தெரியாது. களவு செய்யப் போன இடத்திலையும் கல்லுக்கு மரியாதை குடுத்த ஆள், கடவுச்சொல்லும் தெரிஞ்ச ஆள் ஆர்?"

நிவேதனா கணவன் பக்கம் திரும்பினாள். அந்தக் கடவுச்சொல்லை அவள் வீட்டில் ஒருவரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

கத்தரீனா படத்திலிருந்த செருப்பைத் திரையிலேயே அளந்தாள். பிறகு எழுந்துபோய், வாசலில் கிடந்த செருப்பையும் அதே டாப்லெட்டால் அளந்தாள். நீளம் ஒன்று, குதிக்காலின் தேய்வும் ஒன்று.

கஜீபன் தலையைக் குனிந்துகொண்டான். "பதினைஞ்சு வருசம் வெயிலுக்கை அளவு நாடா பிடிச்சனான். எனக்குத் தராமல் இவவுக்குக் குடுத்தாங்கள். இப்ப என்ரை பேரைச் சொல்லக்கூட ஆளில்லை, நிவேதனாவின்ரை மனுசன் எண்டுதான் கூப்பிடுறாங்கள். பொறுக்கேலாமல் போச்சு."

பாவி மனுசன்! ராவெல்லாம் பக்கத்தில் இருந்து, அழாதையும் என்று கண்ணீரைத் துடைத்தவனும் இவன்தானே. அவள் அவனைவிட்டு விலகி நின்றாள்.

"கம்பனிக்குக் குடுக்கிற அறிக்கையிலை யதுசன் எண்டே இருக்கட்டும்," என்று கெஞ்சினான் கஜீபன். "உவன் தனி ஆள், வேறை வேலை தேடிக்கொள்ளுவான். நிவேதனா, நான் உம்மடை மனுசனெல்லே?"

கத்தரீனா அறிக்கைத் தாளை முன்னால் இழுத்தாள். பேனையை எடுத்துக்கொண்டு நிவேதனாவைப் பார்த்தாள்.

"பேரைத் தெளிவா எழுதுங்கோ அக்கா," என்றாள் நிவேதனா. "கஜீபன்."