குவாரன்டைன் பலகை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தோராம் வருடம் தை மாதம். கோபிசெட்டிபாளையத்துப் பக்கத்து ஊர் ஒன்றில் எலிகள் கூரையிலிருந்து பொத்துப் பொத்தென்று விழுந்து செத்தன. பிளேக் வந்துவிட்டதென்று பத்து வயதுப் பூவாத்தாளுக்குக்கூடத் தெரிந்துபோயிற்று.

அவளுடைய தோழி தெய்வாத்தாளின் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. அப்பா இல்லாத வீடு. சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து தாயையும் மகளையும் ஊருக்கு வெளியே ஓர் ஓலைச் சாளைக் குடிசையில் வைத்தார். வழியிலிருந்த வேலமரத்தில் ஆங்கிலப் பலகை ஒன்றை ஆணியடித்துவிட்டுப் போனார். பத்து நாள் யாரும் கிட்டப் போகக்கூடாதாம். ஊருக்கு அது நல்ல சாக்காயிற்று. இரண்டாம் நாளே சோறு கொண்டுபோக ஆளில்லை.

"ஏனுங்க சார், அதுல என்ன எழுதியிருக்குது?" என்று பூவாத்தாள் கேட்டாள்.

வரதராஜுலு வாத்தியார் எட்ட நின்றே படித்தார். "குவாரன்டைன். நாப்பது நாளுன்னு அர்த்தம் அம்மணி. இத்தாலிக்காரங்க பேச்சுல இருந்து வந்தது. அந்தக் காலத்துல கொள்ளைநோய் கண்ட ஊர்க் கப்பல் வந்தா, நாப்பது நாள் தள்ளியே நிறுத்திப்போடுவாங்க. அப்புறந்தான் ஆள் எறங்கலாம்."

"அந்த நாப்பது நாளும் அவங்களுக்கு யாருங்க சோறு போட்டாங்க?"

வாத்தியார் நெற்றியைத் தடவினார். "யாராச்சும் போட்டிருப்பாங்க."

"போடாட்டி, நாப்பதாம் நாள் எறங்கறதுக்கு யாருங்க சார் இருப்பாங்க?"

வாத்தியார் பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடையைக் கட்டினார்.

அதையே வீட்டில் கேட்டதும் அம்மா நாச்சியம்மாள், "வாய மூடு" என்று அதட்டினாள். மகள் சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அம்மா ராகிக் களியை வாழையிலையில் இரண்டு பொட்டலமாகக் கட்டினாள்.

"சாளைக்கு முன்னால கெடக்கற கல்லு மேல வெச்சுப்போட்டு எட்ட வந்துரோணும் கண்ணு. கிட்டப் போனயின்னா காலை ஒடைச்சுப்போடுவேன்."

பூவாத்தாள் அப்படியே செய்தாள். வரப்புக்குத் திரும்பி ஓடிவந்து, "தெய்வா! கப்பலுக்குச் சோறு வந்திருக்குது!" என்று கத்தினாள்.

"எந்தக் கப்பலுக்கு?" சாளையிலிருந்து வந்த குரலில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது.

தினமும் இரண்டு பொட்டலம் போயிற்று. ஐந்தாம் நாள் தெய்வாத்தாள் ஒன்றை மட்டும் எடுத்தாள்.

"இன்னொண்ணு?"

"வேண்டாம் பூவா. அம்மா போயிருச்சு."

பூவாத்தாள் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள். அந்தப் பக்கம் தெய்வாத்தாளும் அழுதாள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள முடியாததுதான் தாங்கவில்லை.

சாவு விழுந்ததால் பத்து நாளை மறுபடி முதலிலிருந்து எண்ணினார்கள். பிறகு பலகையைப் பிடுங்கிச் சாளைக்கு நெருப்பு வைத்தார்கள். தெய்வாத்தாள் நடந்து வந்தாள். வேடிக்கை பார்க்க வந்த ஊர் பின்னால் நகர்ந்தது. பூவாத்தாள் மட்டும் கல்லருகே நின்றாள். கையில் ஒரே பொட்டலம்.

"உனக்கு?" என்றாள் தெய்வாத்தாள்.

"பெருசாக் கட்டச் சொன்னேன்."

கல்லின் மேல் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு உட்கார்ந்து, இருவரும் ஒரே இலையில் சாப்பிட்டார்கள்.