மடி கொடுத்தவள்

உருவப்படம் எடுக்கக் கற்றுத்தரும் வகுப்பில் நான் சேர்ந்தபோது என் பிள்ளைக்குப் பதினோரு மாதம். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்தவன். அவனை வீட்டில் விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறாளே என்று என் காதுபடவே பேசினார்கள். பேசட்டும் என்றுதான் இருந்தேன். ஆனாலும் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் மடி வெறுமையாக இருப்பது உறுத்தும்.

வகுப்பு நடந்தது ஒரு பழைய ஸ்டுடியோவின் மாடியில். கூரையில் பாதி கண்ணாடி. படம் கழுவும் மருந்து நெடியோடு, வெயில் படாத துணியின் வாடையும் எப்போதும் இருக்கும்.

ஆறு வாரம் பெரிய பெரிய புகைப்படக்காரர்களைப் பற்றிப் படித்தோம். எல்லோரையும் வெள்ளைத் திரைக்கு முன்னால் நிறுத்தியவர், முகத்தில் பாதியை இருட்டில் விட்டவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வழி. கடைசி வாரம், பிடித்தவர் பாணியில் ஒரு படம் எடுக்க வேண்டும். எனக்குப் பிடித்த படத்தை எடுத்தவருக்குப் பேரே இல்லை. அந்தக் காலத்தில் ஒரு படம் பதியப் பல நொடிகள் ஆகுமாம். குழந்தை அதுவரை ஆடாமல் இருக்குமா? அதனால் தாயை நாற்காலியில் உட்காரவைத்து, தலையோடு கால் துணியால் மூடி, அவள் மடியில் குழந்தையை வைத்துவிடுவார்கள். படத்தில் குழந்தை மட்டும்தான் ஆள். தாய் வெறும் துணிக்குவியல்.

"நம்ம ஸ்டுடியோலயே அப்படி எடுத்திருக்காங்க. அந்தத் துணிகூட இருக்கு," என்று சார் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கறுப்பு, நல்ல கனம்.

பிள்ளையையும், மடி கொடுக்க என் நாத்தனாரையும் கூட்டிப் போனேன்.

"பம்பரத்தைப் போய் சிலையா உட்காரவைக்கப் பாக்கறீங்களே, அண்ணி," என்று சிரித்துக்கொண்டே துணிக்குள் புகுந்தாள். வீட்டில் அவனுக்கு அதுதான் பேர். ஒரு நொடி அடங்க மாட்டான்.

முதல் படத்தில் அவன் துள்ளிய துள்ளலில் ஒன்றும் தேறாது என்று தெரிந்துவிட்டது. புது ஃபிலிம் போட இருட்டறைக்குள் போனேன். திரும்பி வந்தபோது துணி போர்த்தியபடி அவள் தயாராக உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை. பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டு ஸ்டுடியோவின் பழைய பெட்டிக் கேமராவுக்குப் பின்னால் குனிந்தேன். அதன் பின்பக்கக் கண்ணாடியில் இருவரும் தலைகீழாகத் தெரிந்தார்கள்.

பிள்ளை அசையவில்லை.

"அப்படியே இரு," என்று லென்ஸ் மூடியை எடுத்து எட்டு வரை எண்ணினேன். அவன் கண்கூடச் சிமிட்டவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

"போதும். துணியை எடுத்துடு."

துணி அசையவில்லை.

கதவருகே யாரோ நின்றார்கள். என் நாத்தனார். கையில் பால் பாட்டில். என்னைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள்.

"அண்ணி," என்றாள். "நீங்க இங்கயா இருக்கீங்க?"

"நீ எங்க போன?"

"பால் கலக்கத்தான். நீங்கதானே துணியைப் போத்திக்கிட்டு உக்காந்து கையை நீட்டுனீங்க. உங்ககிட்ட கொடுத்துட்டுத்தானே போனேன்."

ஓடிப்போய்த் துணியை உருவினேன்.

வெறும் நாற்காலி. அதில் என் பிள்ளை தனியாக உட்கார்ந்திருந்தான். துணி கதகதப்பாக இருந்தது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கையளவு ஈரம்.

படத்தைச் சார்தான் கழுவினார். நடந்தது அவருக்குத் தெரியாது. பிள்ளை அவ்வளவு துல்லியமாக விழுந்திருந்தான். அவன் இடுப்பில், துணிக்கு வெளியே, நான்கு விரல்கள்.

"பின்னால இருந்தவங்க கொஞ்சமும் ஆடலை," என்று பாராட்டினார் சார். "பழக்கப்பட்டவங்க போல."

அதன்பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. கேமராவைக் கண்ணில் படாத இடத்தில் வைத்தாயிற்று. வேலைக்காகக்கூட அவனை யாரிடமும் கொடுப்பதில்லை. எப்போதும் என் கண்ணெதிரேதான் இருக்கிறான்.

அவன்தான் மாறிவிட்டான். கூடத்தின் நடுவில் உட்காரவைத்தால் நன்றாகப் பின்னால் சாய்ந்துகொள்கிறான். பின்னால் சுவர் இல்லை, தலையணை இல்லை. ஆனாலும் விழுவதில்லை. தூக்கப் போனால் சிரித்தபடி என் பக்கம் தாவுகிறான், கழுத்தைக் கட்டிக்கொள்கிறான். ஆனால் இடுப்பு மட்டும் உடனே வருவதில்லை. முதலில் அது பிரமை என்றுதான் நினைத்தேன்.

நேற்று அவனை இரண்டு கையாலும் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.