நீல நூல், இரண்டு முடிச்சு

பிணத்தின் விரலில் மோதிரம் இருந்தது.

முகம் இல்லை.

சலவைக்கூடத்தின் பாயிலர் அறை. பிளந்து கிடந்த நீராவிக் குழாய்க்கு அடியில் மல்லாந்து கிடந்தது உடல். நெற்றியிலிருந்து இடுப்பு வரை வெந்து, தோல் கழன்றிருந்தது. மேலே நனைந்த வெள்ளை விரிப்பு ஒன்று.

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரர்தானா?"

முதலாளியம்மா மோதிரத்தைப் பார்த்தாள்.

"அவருதான்... நான் போட்டு விட்ட மோதிரம்."

அழுதாள். அழுகை சரியான நேரத்தில் வந்தது. சரியான நேரத்தில் நின்றது.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"சந்தேகம் என்ன சார் சந்தேகம்... அந்தப் பன்னெண்டுதான். நஷ்டஈடு கேட்டு எங்களைக் கோர்ட்டுக்கு இழுத்தாளே, அந்த ஓடுகாலி. கேஸு தோத்துடும்னு தெரிஞ்சுபோச்சு. வந்து ஆளையே முடிச்சுட்டா."

அதே நேரத்தில், நகரத்தின் மறுகோடியில், 'பன்னெண்டு' வக்கீலம்மாவின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள்.

மூன்று வருடம் பிளீச்சிங் ஆவியை மூச்சாக இழுத்தவளின் இருமல். சீக்கிரத்தில் ஓயாது.

ஓட்டலில் வேலை என்று சொல்லித்தான் ஏஜென்ட் கூட்டி வந்தான். சலவைக்கூடத்து வாசலில் பாஸ்போர்ட்டைப் பிடுங்கினார்கள். உள்ளே இருபது கட்டில், வெளியே ஒரு பூட்டு. பன்னிரண்டாவது கட்டில் அவளுக்கு. அதுவே அவளுக்குப் பேரும் ஆனது. மூன்று வருடம் அடுத்தவர்கள் படுத்த விரிப்புகளை இஸ்திரி உருளையில் விட்டு எடுத்தாள். சம்பளம் என்ற சொல்லையே அங்கே யாரும் உச்சரித்ததில்லை. கடைசியில் அழுக்குத் துணி வண்டிக்குள் படுத்துத் தப்பினாள்.

போலீஸ் கேஸ் போட்டது. முதலாளி விடுதலையானார்.

"இவளை நான் என் கண்ணால பாத்ததே இல்ல." கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து அவர் சொன்னது அது.

மிச்சமிருந்தது நஷ்டஈட்டு வழக்கு மட்டும். நாளைக் காலை கடைசி வாய்தா.

"பாதிக்கப்பட்டவங்களுக்கான அரசாங்க நிதியிலயும் கை விரிச்சுட்டாங்க," என்றாள் வக்கீலம்மா. "குற்றம் நிரூபணம் ஆனாத்தான் குடுப்பாங்களாம்."

"குற்றம் நடந்தா போதாதா அக்கா? அது நிரூபணமும் ஆகணுமா?"

"அங்க அப்படித்தான். நம்ம வழக்குல நூத்துக்கு நூறு நிரூபிக்க வேண்டாம். தராசுல நம்ம தட்டு ஒரு நூல் இறங்கினா போதும்."

"அந்த ஒரு நூலுக்கு எங்க போறது? ரசீது இல்ல, சாட்சி இல்ல. ஊருக்குப் போன் பண்ணா, மூணு வருஷம் எவன்கூட இருந்தேன்னு அண்ணன் கேக்கறான். பணத்தை விடுங்கக்கா. நான் அங்கதான் கிடந்தேன்னு அவங்க வாயால ஒரு தடவ சொல்லட்டும். அதைக் காகிதத்துல வாங்கிக் குடுங்க. ஊருக்கு அனுப்பணும்."



போன் அடித்தது.

வக்கீலம்மா எடுத்துக் கேட்டாள். வைத்தாள்.

"கிளம்பு. உன் முதலாளி செத்துட்டானாம். நீதான் கொன்னியாம்."

சலவைக்கூடத்தின் இரும்புக் கதவுக்குள் அவள் நடந்து நுழைந்தது அன்றைக்குத்தான். முதல் தடவை லாரியில் வந்தாள். போகும்போது துணி மூட்டையாகப் போனாள்.

"வா, வா." இன்ஸ்பெக்டர் பாயிலர் அறை வாசலில் நின்றிருந்தார். "பண்ணின வேலையை நல்லாப் பாத்துக்கோ."

விரிப்பை அவர் விலக்கினார். வக்கீலம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பன்னெண்டு திரும்பவில்லை. குனிந்தாள். முகம் இருக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, வேகாமல் தப்பியிருந்த வலது கையைப் பார்த்தாள். மோதிரக் கை. விரல்கள் விரிந்து, உள்ளங்கை மேலே பார்த்துக் கிடந்தது.

நெடுநேரம் பார்த்தாள்.

வக்கீலம்மாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். ஏனென்று வக்கீலம்மாவுக்குப் புரியவில்லை.

"என்ன, வாயடைச்சுப் போச்சா?" என்றார் இன்ஸ்பெக்டர். "இதுக்கு என்ன சொல்றே?"

விரிப்பின் மூலையைத் தூக்கிக் காட்டினார். அங்கே ஒரு நீல நூல். இரண்டு முடிச்சு.

அந்தக் கூடத்தின் வழக்கம் அது. இஸ்திரி போடுகிறவள் தன் விரிப்பின் மூலையில் தனக்கென்று கொடுத்த நிற நூலால், தனக்கென்று சொன்ன எண்ணிக்கையில் முடிச்சுப் போட வேண்டும். ஓட்டலிலிருந்து கறையோடு விரிப்பு திரும்பி வந்தால் முடிச்சைப் பார்ப்பார்கள். முடிச்சுக்காரிக்கு அன்றைக்குச் சோறு கிடையாது.

"நீல நூல், ரெண்டு முடிச்சு. உன்னோடதுன்னு அம்மா சொல்றாங்க."

விரிப்பைச் சுருட்டிக்கொண்டு இன்ஸ்பெக்டர் அவர்களைக் கூடத்து ஆபீஸ் அறைக்குக் கூட்டிப்போனார். அங்கே நாற்காலியில் சாய்ந்திருந்தாள் முதலாளியம்மா. பன்னெண்டைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"பாவி. என் தாலியை அறுத்துட்டியேடி."

பன்னெண்டு அமைதியாகக் கேட்டாள்.

"யாரும்மா நீங்க?"

"என்னது?"

"நீங்க யாருன்னே எனக்குத் தெரியாதே. நான்தான் இங்க வேலையே செய்யலையே. உங்க வீட்டுக்காரரு கோர்ட்டுல சத்தியம் பண்ணி சொன்னாரே. அப்புறம் என் முடிச்சு இங்க எப்படி வரும்?"

"ஏய், யாருகிட்ட டிராமா போடறே? சார், பொய் சொல்றா சார்."

"பொய்னா, உண்மை எதும்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மூணு வருஷம் இங்க கிடந்து தின்னவ சார். பன்னெண்டாவது கட்டில். அவளுக்கு நீல நூலை எண்ணிக் குடுத்ததே நான்தான்."

"கட்டில்ல கிடந்தாளாம்," என்றாள் பன்னெண்டு. "ஏன், எனக்கு வீடு வாசல் இல்லையா? சாயங்காலமானா கிளம்பிப் போயிருக்க மாட்டேனா?"

"எப்படிடி போவே? ராத்திரி கதவைப் பூட்டி சாவியை இடுப்புல சொருகுனவ நான். உன் பாஸ்போர்ட் இன்னும் என் பீரோவுலதான் கிடக்கு."



வக்கீலம்மா மெதுவாக மூக்குக் கண்ணாடியைத் துடைத்தாள்.

"சார், அம்மா சொன்னதை அப்படியே எழுதிக்கங்க. கொலைக் கேஸுல முக்கியமான வாக்குமூலம். மூணு வருஷம், கட்டில், பூட்டு, சாவி, பாஸ்போர்ட். ஒண்ணும் விடாம."

"நீங்க யாரு பக்கம் மேடம்?"

"சட்டத்துப் பக்கம் சார்."

இன்ஸ்பெக்டர் எழுதினார். முதலாளியம்மா வாசித்துப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"இதனால அந்த நஷ்டஈட்டு வழக்குல ஒண்ணும் ஆகாதே? அதான் அவரே போயிட்டாரே. கேஸும் அவரோட போச்சு, இல்லையா?"

யாரும் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று அவளே எடுத்துக்கொண்டாள்.

கையெழுத்துப் போட்டாள்.

மை காய்கிற வரை வக்கீலம்மா காத்திருந்தாள்.

"ஒரு விஷயம் சொல்லிடறேம்மா. கிரிமினல் கேஸ்தான் ஆளோட சாகும். நஷ்டஈட்டு வழக்கு சொத்து பின்னாடியே போகும். போன மாசம் உங்க வீட்டுக்காரர் இந்தக் கூடத்தை உங்க பேருக்கு எழுதி வெச்சாரு. மறுநாளே உங்களை ரெண்டாவது எதிராளியா சேத்துட்டேன். இப்ப நீங்க கையெழுத்துப் போட்டது நாளைக்கு எங்க சாட்சியம்."



"நான்... அதைத் திரும்ப வாங்கிக்கறேன் சார்," என்றாள் முதலாளியம்மா.

"காய்கறிக் கடையாம்மா இது?" என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு பன்னெண்டின் பக்கம் திரும்பினார். "நீ ரொம்பச் சந்தோஷப்படாதே. வழக்குல ஜெயிச்சாலும் கொலைக்கு நீ உள்ள போகணும்."

"போறேன் சார். முதல்ல அந்த நூலைப் பாருங்க."

"பாத்தாச்சு."

"விரிப்பு பழுத்துப் போயிருக்கு. நூல் மட்டும் பளபளன்னு இருக்கு. இங்க போடற பிளீச்சிங் பவுடர்ல ஒரு தடவ முங்கினாலே நீலம் வெளுத்துடும். நான் ஓடிப்போய் வருஷம் ஒண்ணாச்சு. அந்த நூல் இன்னும் பவுடரே பாக்கல."

இன்ஸ்பெக்டர் விரிப்பின் மூலையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அப்புறம் அந்தக் கை..."

இருமி முடித்துத் தொடர்ந்தாள்.

"பாயிலர் வால்வுக்கு இரும்புச் சக்கரம் உண்டு. கொதிக்கும். துணி சுத்தித்தான் திருப்பணும். துணி கேட்டா இவங்க குடுக்க மாட்டாங்க. வருஷக்கணக்கா வெறுங்கையால திருப்பினவன் உள்ளங்கையில அரைவட்டமா ஒரு தழும்பு விழும். அந்தக் கையில இருக்கு. முதலாளி தன் வாழ்நாள்ல காப்பி டம்ளரைத் தவிர சூடா எதையும் தொட்டதில்ல."

"அப்ப அது யாரு?"

"பாயிலர் அண்ணன். மத்தவங்களையெல்லாம் கேஸ் வந்ததும் எங்கெங்கயோ ஏத்தி அனுப்பிட்டாங்க. பாயிலர் ஓட்ட வேற ஆள் கிடைக்கல. அவரை மட்டும் பூட்டி வெச்சுக்கிட்டாங்க. என்னை அழுக்குத் துணிக்குள்ள மூடி வெளிய தள்ளினது அவருதான் சார். வெளிய போய் கேஸு போட்டா என்னையும் சேத்துக்கம்மான்னாரு."

"பேரு?"

அவள் சொன்னாள். இன்ஸ்பெக்டர் எழுதினார். அவர் அங்கே கிடந்த பத்து வருடத்தில் அந்தப் பேர் ஒரு காகிதத்தில் ஏறுவது அதுதான் முதல் தடவை.

"கட்டுக்கதை," என்று கத்தினாள் முதலாளியம்மா. "என் புருஷனை எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்கு நல்லாவே தெரியும்," என்றாள் வக்கீலம்மா. "சார், போன மாசம் பத்திரம் எழுதினப்போ அவரு பெருவிரல் ரேகை வெச்சிருக்காரு. பதிவு ஆபீஸ்ல இருக்கும். எங்களுக்கு ஒண்ணும் மிஞ்சக் கூடாதுன்னு வெச்ச ரேகை. பிணத்தோட விரலோட ஒத்துப் பாருங்க."

அப்போதுதான் முதலாளியம்மாவின் கைப்பைக்குள் போன் அடித்தது.

அவள் எடுக்கவில்லை.

அது நிற்கவில்லை.

இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார். கைப்பையை அவள் மார்போடு அணைத்துக்கொண்டாள். அவர் பிடுங்கினார். திரையில் 'தையல்காரி' என்று இருந்தது. பொத்தானை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, மேஜை நடுவில் வைத்தார்.

"என்னடி இவ்வளவு நேரம்?" ஆண் குரல். நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த குரல். "அந்தப் பாயிலர்காரன் முந்தாநாளே செத்தவன், நாறிடப் போறான். சீக்கிரம் எரிக்கச் சொல்லு. அந்தச் சனியனை உள்ள போட்டாச்சா? கேஸ் முடிஞ்சுதா, இல்லையா?"

முதலாளியம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

பன்னெண்டு மேஜையின் மேல் குனிந்தாள். மூன்று வருடம் தலை நிமிராமல் பேசிய அதே பணிவோடு பேசினாள்.

"முடியல முதலாளி. ஒண்ணு ரெண்டாயிடுச்சு. பாயிலர் அண்ணனுக்கு ஊர்ல அம்மா இருக்காங்க, அடுத்த வழக்கு அவங்களோடது. நாளைக்குப் பத்தரைக்கு வாய்தா... செத்திருந்தா விலக்கு கிடைச்சிருக்கும். கெட்டநேரம், உயிரோட இருக்கீங்க."