பச்சைப் பொட்டலம்

தைப்பேயில் மின்பொருள் சந்தையின் நிலவறையில் இருந்தது வெய்ரென்னின் போன் பழுதுக்கடை. சன்னல் கிடையாது. வெளியே மழை பெய்வது வருகிறவர்களின் செருப்பைப் பார்த்தால்தான் தெரியும்.

அன்று மதியம் வந்த பெண்ணின் செருப்பு நீரைக் கக்கியது. பெயர் பிஹுவா என்றாள். கைக்குட்டையைப் பிரித்து ஒரு போனை மேசையில் வைத்தாள்.

ஆற்றுச் சேற்றின் வாடை அடித்தது.

"என் மகனோடது தம்பி. அவன ஆத்துலேர்ந்து எடுத்தப்ப பாக்கெட்ல இருந்துச்சு. வேற கடைல காய வச்சுக் குடுத்தாங்க. கம்பெனி பேர் வருது, அணையுது. திரும்ப வருது, அணையுது."

"சாஃப்ட்வேர் கெட்டிருக்குக்கா. கம்ப்யூட்டர்லேர்ந்து புதுசா ஏத்தணும். உள்ள இருக்கறது வேணுமா?"

"அவன் குரல் அதுலதான் இருக்கு. வேற எங்கயும் இல்ல."

வெய்ரென் மேற்கொண்டு கேட்கவில்லை. சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. பசித்த ஆவிகளுக்கு வாசலில் சோறு வைக்கும் மாதம். ஆற்றில் போனவர்களைப் பற்றி அந்த மாதத்தில் யாரும் பேச்செடுப்பதில்லை, பெயர் சொல்லி அழைப்பதுமில்லை.

போனைக் கணினியோடு இணைத்தான். உள்ளிருப்பதை வைத்துக்கொண்டு ஏற்றலாம், அழித்துவிட்டும் ஏற்றலாம். முதலாவதைத் தேர்ந்தெடுத்தான். திரையில் பட்டை நகர்ந்தது. முடியப்போகிற இடத்தில் நின்றது.

மறுபடி ஏற்றினான். அதே இடம்.

மறுபடியும்.

"என்னடா, உன் மெஷின் உன்ன மதிக்கலயா?" என்றாள் பக்கத்துக் கடை மெய்ஜு. "பொட்டலத்துக்குத் தேதி முடிஞ்சுபோச்சா பாரு!"

"போன வாரம் வாங்கினதுதான். நீ உன் வயரப் பாரு."

கணினியின் தலையில் பச்சைப் பொட்டலம் ஒன்று உட்கார்ந்திருந்தது. தேங்காய் மணக்கும் சோளப் பொரி. அந்தச் சந்தையில் அது இல்லாத கணினி இல்லை. உறை பச்சையாக இருக்க வேண்டும், தேதி தாண்டக்கூடாது, பிரிக்கக்கூடாது. அப்படியிருந்தால் இயந்திரம் சொன்னபடி கேட்கும் என்று நம்பிக்கை.

"அக்கா," என்றான் தணிந்த குரலில். "அழிச்சுட்டு ஏத்தினாதான் ஏறும் போல."

"வேண்டாம்." அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். கை சில்லென்றிருந்தது. "அவன ரெண்டாவது தடவ எரிக்கச் சொல்றியா?"

"வேற வயர் போட்டுப் பாக்கறேன். இருங்க."

மெய்ஜுவின் கடைக்குப் போனான். அவள் கிண்டலுக்குப் பதில் சொல்லி, ஒரு வயரை வாங்கிக்கொண்டு திரும்பினான்.

பொட்டலம் போனின் முன்னால் வாய் பிளந்து கிடந்தது. பிஹுவா இரு கைகளையும் குவித்திருந்தாள்.

"து செங்யூ," என்று மகனை முழுப்பெயர் சொல்லி அழைத்தாள். "வாடா. வந்து சாப்பிடு."

வெய்ரென் வயரை மேசையில் போட்டான்.

"அதப் பிரிச்சீங்களா?"

"அவனுக்கு இது ரொம்பப் பிடிக்கும். படைக்கறத மூடியா வைப்பாங்க?"

"அது மெஷினுக்கு வச்சதுக்கா!"

பட்டை நகர்ந்தது.

இருவரும் திரையைப் பார்த்தார்கள். நின்ற இடத்தைக் கடந்தது. முடிந்தது. திரையின் அடியில் ஒரு வரி வந்தது: அனைத்தும் அழிக்கப்பட்டன.

"நான் அத அழுத்தல," என்றான் வெய்ரென். "சத்தியமா அழுத்தல."

போன் எழுந்தது. கடையில் வாங்கிய புதுப்போன் போல வணக்கம் சொன்னது. பிஹுவா அதைப் பறித்து ஒவ்வொன்றாகத் திறந்தாள். படம் இல்லை. பெயர் இல்லை. சத்தமில்லாமல் அழுதாள். விரல் மட்டும் நிற்கவில்லை.

பிறகு நின்றது.

"ஒண்ணு இருக்கு."

குரல் பதிவில் ஒன்றே ஒன்று. இன்றைய தேதி.

"இருக்க முடியாதுக்கா. இப்பத்தான போனுக்கு உயிரே வந்துச்சு. போடாதீங்க."

போட்டாள்.

நீர் ஓடும் ஓசை. அதனூடே ஒரு பெண்குரல்: வாடா. வந்து சாப்பிடு. அடுத்து வெய்ரென்னின் குரலே: அதப் பிரிச்சீங்களா? அது மெஷினுக்கு வச்சதுக்கா!

பிறகு, மிக அருகில், யாரோ பொரியை மெல்லும் சத்தம்.

நறுக். நறுக்.

"அம்மா," என்றது ஒரு வாலிபக் குரல். "இன்னும் இருக்கா?"

வெய்ரென் பொட்டலத்தைப் பார்த்தான். காலியாக இருந்தது. உள்தாள் நனைந்து, அதில் மணல் ஒட்டியிருந்தது.

பிஹுவா சிரித்தாள். போனைக் காதில் வைத்துக்கொண்டாள். "இருக்குடா கண்ணு. வீட்டுக்கு வா, நெறய இருக்கு." பேசிக்கொண்டே படியேறிப் போனாள்.

அவன் உடனே ஓடிப்போய்ப் புதிய பொட்டலம் வாங்கினான். பச்சை. தேதியை இரண்டு முறை பார்த்தான். கணினியின் தலையில் வைத்தான். அன்று வேறு போனைத் தொடவில்லை.

மறுநாள் காலை கடையைத் திறந்தபோது பொட்டலம் வைத்த இடத்திலேயே இருந்தது. மேல் ஓரமும் கீழ் ஓரமும் ஒட்டியபடியே. ஊசித் துளைகூட இல்லை.

கையில் எடுத்தான்.

கனத்தது. அசைத்தபோது, உள்ளே தண்ணீர் தளும்பியது.